ஏகாம்பரத்தின் கை வளர்த்த மீன்கள்

நான் சொல்லப்போவது இன்னும் சில வருஷம் கழித்து நடக்கப்போகிற கதை. நடந்து முடிந்த மாதிரி சொல்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள். கொளத்தூர் அப்போதும் கொளத்தூராகத்தான் இருக்கும். மழை பெய்தால் தெருவில் தண்ணீர், பெய்யாவிட்டால் வீட்டுக்கு வீடு மீன் தொட்டியில் தண்ணீர்.

மற்றவர்கள் வீட்டுக்குள் தொட்டி வைத்திருந்தார்கள். குணவதியோ தொட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் வீடு வைத்திருந்தாள். கூடத்தில் தொட்டி, படுக்கையறையில் தொட்டி, சாமி அலமாரிக்குக் கீழே தொட்டி. விருந்தாளிக்கு நாற்காலி போட வேண்டுமென்றால் முதலில் ஒரு மீன் குடும்பத்தை வேறு அறைக்குக் குடியேற்ற வேண்டும். இத்தனைக்கும் காரணம் அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம். லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பிக் கயிறுகளோடு பழகிய மனிதர். பேச்சு என்பது அவருக்கு லிஃப்டில் இருக்கிற சிவப்புப் பொத்தான் மாதிரி. மாட்டிக்கொண்டால் மட்டும்தான் அழுத்துவார். மீனைப் பற்றிக் கேட்டால் மட்டும் விதிவிலக்கு.

ஒரு நாள் வளர்ப்பு மீன் சந்தையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"இன்னாங்க இது, துன்னூறு மாதிரி?"

"பழக்கப்பொடி. ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துல கண்டுபுடிச்சிருக்காங்க. டிஸ்கஸுக்குப் போடறது."

டிஸ்கஸ் என்பது தோசை மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும் மீன். ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி நோகாமல் வளர்க்க வேண்டும்.

"டிஸ்கஸ் குஞ்சு பொறந்ததும் தீனி திங்காது குணா. அப்பன் ஆத்தா ரெண்டு பேர் மேலயும் ஒரு வழவழப்பு ஊறும். குஞ்செல்லாம் ஒட்டிக்கிட்டு அதைத்தான் திங்கும். அதுதான் அதுக்குத் தாய்ப்பால். இந்தப் பொடியைக் கலந்தா, பெரிய மீனோட பழக்கமெல்லாம் அந்தப் பால் வழியா குஞ்சுக்கு எறங்கிடும். வலைக்குப் பயப்படாத மீனோட குஞ்சு, வலைக்குப் பயப்படாது. ஒண்ணும் சொல்லித்தர வேணாம்."

"நம்ம தேன்மொழி பொறந்தப்போ இது வந்திருந்தா, எட்டாங்கிளாஸ் கணக்குக்கு நான் அப்படி மாரடிச்சிருக்க மாட்டேன்," என்றாள் குணவதி. தேன்மொழி அவர்களின் ஒரே மகள். இப்போது கல்யாண வயது.

பொடி வந்த நேரமோ என்னமோ, குஞ்சு பொரித்த ஜோடி சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு மூலையில் போய் நின்றுவிட்டது. பெற்றவர்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் குஞ்சுகள் எங்கே போகும்? கடுகு கடுகாகத் தண்ணீரில் அலைந்தன. ஏகாம்பரத்துக்கு மனசு கேட்கவில்லை. அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் பழக்கப்பொடியைக் குழைத்தார், முழங்கை வரை பூசினார், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையைத் தொட்டிக்குள் விட்டார். குஞ்செல்லாம் ஓடி வந்து அவர் கையில் அப்பிக்கொண்டன. வேலைக்கு லீவு. சாப்பாடு இடது கையால். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

மீன்கள் வளர்ந்தன. வளர வளர ஒரு வேடிக்கை தெரிந்தது. டி.வி.யில் செய்தி ஓடினால் எல்லாம் கண்ணாடி ஓரம் வந்து வரிசையாக நிற்கும். விளம்பரம் வந்தால் கலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொத்தக் கூட்டமும் ஒருக்களித்துத் தூங்கும். குணவதியின் அண்ணன் கன்னியப்பன் வாசலில் தலை காட்டினால் போதும், ஒரே சமயத்தில் எல்லா மீனும் வாலைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

"அய்யய்யோ, இதுங்க அப்பாவையே உரிச்சு வச்சிருக்குதேம்மா!" என்று தேன்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். பொடி மீனின் பழக்கத்தை மட்டும் இறக்கவில்லை. கைக்காரரின் குணத்தையே இறக்கிவிட்டது.

குணவதியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், மாடிவீட்டு ராஜாத்தி நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு வருகிற வரைக்கும். ராஜாத்தியைக் கண்டதும் மீன்களுக்கு வந்த பவிசைப் பார்க்க வேண்டுமே! சிவப்பென்றால் சிவப்பு, குங்குமச் சிவப்பு. துள்ளல் என்ன, குலுக்கல் என்ன. ராஜாத்தி போனாள். குணவதி மெதுவாகத் தொட்டிப் பக்கம் நகர்ந்தாள். அவள் நிழல் விழுந்ததும் சிவப்பெல்லாம் வடிந்தது. மீன்களின் உடம்பில் பட்டை பட்டையாகக் கறுப்பு ஏறியது. அடுப்புக் கரி மாதிரி கறுத்துப்போய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றன.

இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டவளைக் கண்டால் கறுப்பு. கருவாட்டுக் குழம்பைக் கொண்டு வந்தவளைக் கண்டால் குங்குமம். குணவதிக்கு நெஞ்சு எரிந்தது. அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள். கேள்வி கேட்கவில்லை, சண்டை போடவில்லை. மீனே சாட்சி சொன்ன பிறகு விசாரணை என்ன வேண்டிக் கிடக்கிறது?

அவள் பேசவில்லை என்பதே ஏகாம்பரத்துக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. "தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார். அவள் முறைத்தாள். அவர் மிளகுக் கஷாயம் வைத்து அடுப்படியில் மூடி வைத்துவிட்டு மொட்டைமாடித் தொட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார். கஷாயத்தை அவள் எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள்.

பேசாத புருஷனின் மனசைக்கூட மீன் பேசிவிடும் என்ற சேதி தண்ணீர் லாரி வரிசையில் கசிந்தது. கசிய விட்டது சாட்சாத் குணவதிதான். முதலில் வந்தவள் பின் தெரு பட்டம்மாள். அவள் மகள் கோமளாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தது.

"ஜாதகமெல்லாம் கூடித்தான் இருக்குது குணா. ஆனா பையன் மனசுல இன்னா இருக்குதுன்னு எந்தக் கட்டம் சொல்லுது? அவனை ஒரு நாலு நாள் உன் ஊட்ல வந்து கை வைக்கச் சொல்லட்டுமா?"

கை வைக்கிறது! பேரே வந்துவிட்டது. பையன் வந்தான், பொடிக் கலவையைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தான், குஞ்சுகள் அவன் கையில் வளர்ந்தன. காசளவு ஆனதும் ஒரு வெள்ளிக்கிழமை கோமளாவைக் கூட்டி வந்து தொட்டி முன்னால் நிறுத்தினார்கள். மீன்கள் கறுத்தன.

"வேணாண்டி கண்ணு," என்றாள் குணவதி, கோமளாவின் தலையைத் தடவி. "இந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். அதோடதான் நான் வாழ்ந்துக்கிட்டிருக்கேன். நீயாவது தப்பிச்சிக்கோ."

கல்யாணம் நின்றது. குணவதியின் பேர் எழுந்தது. மாதவரத்திலிருந்து வந்தார்கள், பெரம்பூரிலிருந்து வந்தார்கள். வரன் விளம்பரங்களில் 'கை வைக்கச் சம்மதம்' என்று ஒரு வரி சேர்ந்தது. மாப்பிள்ளை பிஸியென்று மாப்பிள்ளையின் தம்பியை அனுப்பியவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கையுறை போட்டு வந்து பிடிபட்டவன் உண்டு. ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுக்கும் முன்னால் கை வைக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். மேனேஜரைக் கண்டு மீன் செத்தே போனதால் அதை நிறுத்தினார்கள். சிவந்தால் தாலி, கறுத்தால் காலி. குணவதி சொன்னதுதான் தீர்ப்பு.

தேன்மொழிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "அம்மா, இன்னொருத்தர் மனசை ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்குதும்மா."

"அவனே வந்து ஜன்னலைத் தொறந்து வைக்கிறான். எனக்கு இன்னா?"

"அப்போ பொண்ணுங்களை ஏன் கை வைக்கச் சொல்றதில்ல?"

"பொண்ணு மனசுல இன்னா இருக்குதுன்னு எவன்டி இதுவரைக்கும் கேட்டான், இப்போ கேக்கறதுக்கு?"

இத்தனை அமளியிலும் ஏகாம்பரத்துக்கு விஷயமே தெரியாது. பெண்கள் கூடிப் பேசும் நேரத்தில் கூடத்துக்கு அவர் வருவதில்லை, பெண்டாட்டி பேசுவதில்லை, மகள் வேலைக்குப் போய்விடுவாள். வாலிபப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து தொட்டியில் கை வைத்து உட்காருகிறார்களே என்று மனிதருக்குப் பூரிப்பு. "இப்பத்திப் பசங்களுக்குத்தான் மீன் மேல என்னா ஆசை!" என்று மீன்களிடமே சொல்லிச் சந்தோஷப்பட்டார். வந்தவனுக்கெல்லாம் தண்ணீர் மாற்றச் சொல்லிக்கொடுத்தார். பாதிப் பேர் காது கொடுக்கவில்லை.

காது கொடுத்தவன் புருஷோத்தமன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், தேன்மொழிக்குத் தெரிந்த பையன். தேன்மொழி வாய் திறந்து கேட்டதால் குணவதி அவனுக்கும் ஒரு தொட்டி ஒதுக்கினாள். ராத்திரி டூட்டி முடித்து நேராக வந்து கை வைத்தபடியே தூங்கி வழிவான். நாள் வந்தது. தேன்மொழி பட்டுப் பாவாடை தாவணியில் போய் நின்றாள். ஒரு மீன் பாக்கியில்லாமல் கறுத்தது.

தேன்மொழி அழுதாள். ஜன்னல் அது இது என்று பேசிய பெண்ணுக்கும் மீன் மேல் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. அதுதான் இதில் இருக்கிற பெரிய அநியாயம். "அவர் என்கிட்ட நல்லாத்தான்மா பேசினார்," என்று மட்டும் சொன்னாள்.

"பேச்சு வாயிலேருந்து வருது. மீன் எங்கேருந்து வருது பாரு," என்றாள் குணவதி. கையோடு கையாக அண்ணாநகர் தினகரைக் கை வைக்கச் சொன்னாள். மூன்று மளிகைக்கடைக்கு ஒரே வாரிசு. அவன் மீன்கள் தேன்மொழியைப் பார்த்ததும் தீபாவளி மத்தாப்பு மாதிரி ஜொலித்தன. ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

நிச்சயதார்த்தத்தன்று காலை. கூடத்தில் ஜமுக்காளம் விரிக்க இடம் வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத புருஷனுக்குச் சேதி சொல்ல குணவதி ஒரு வழி வைத்திருந்தாள்: சுவரைப் பார்த்துச் சொல்வது.

"இந்தக் கறுப்புத் தொட்டியை யாராவது தூக்கி வெளிய வச்சா நல்லாயிருக்கும். உள்ள இருக்கிறதைச் சந்தையில சும்மா குடுத்தாலும் சரி."

ஏகாம்பரம் புது வேட்டியோடு குனிந்து பார்த்தார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த தேன்மொழியைப் பார்த்து மீன்கள் கறுத்து நின்றன. அவர் முகம் மலர்ந்தது.

"இதையா? எவன் குடுப்பான் இதை? இது யாரு கை வச்சது?"

"புருஷோத்தமன்ப்பா," என்றாள் தேன்மொழி, நிமிராமல்.

"அதானே பாத்தேன். தண்ணி மாத்தத் தெரிஞ்ச பய. இன்னும் முட்டையே வைக்கலை, அதுக்குள்ள எப்படிக் கறுத்து நிக்குது பாரு! பொறந்தா இப்படிப் பொறக்கணும்."

குணவதிக்குச் சுருக்கென்றது. சுவரை மறந்தாள். "கறுத்தா நல்லதா?"

இத்தனை மாசம் கழித்துப் பெண்டாட்டி வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி மீனைப் பற்றி. ஏகாம்பரத்துக்குக் கசக்குமா?

"குஞ்சு அவ்வளவூண்டு இருக்கும் குணா. அதுக்குக் கண்ணு செரியாத் தெரியாது. கறுப்பா எது நிக்குதோ அதைப் பாத்துத்தான் வந்து ஒட்டும். அதனால புள்ளையை வச்சுக் காப்பாத்தப் போற மீன் தன் கலரையெல்லாம் எறக்கிடும். அழகு போனாப் போவுதுன்னு கறுத்து நிக்கும். 'இந்தா நான் இருக்கேன், என்கிட்ட வா'ன்னு அர்த்தம்."

"பயந்தாலும் கறுக்கும்னு சந்தையில சொன்னாங்களே?"

"கறுக்கும். பயந்தது மூலைக்கு ஓடிடும். இது எங்க ஓடுது? கண்ணாடிகிட்ட வந்து நிக்குதில்ல?"

"அப்போ செவக்கிறது?"

ஏகாம்பரம் அலமாரியிலிருந்து புழுக் கிண்ணத்தை எடுத்து, அண்ணாநகர் தினகரின் தொட்டிக்கு நேரே ஆட்டினார். மத்தாப்பு. கிண்ணத்தை வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்து ஆட்டினார். அதே மத்தாப்பு. "பசி," என்றார். "எதைப் பாத்தாலும் தீனின்னு நெனைக்குது. சில மீன் அப்படி."

குணவதி ஜமுக்காளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள். கறுத்ததால் அனுப்பி வைத்த பையன்கள் ஒவ்வொருவராகக் கண் முன்னால் வந்து நின்றார்கள். சிவந்ததால் கட்டி வைத்த பெண்கள் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"இதை ஏன்யா மொதல்லயே சொல்லலை?" என்று அலறினாள்.

"நீ கேக்கலியே?"

வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டும் பட்டுமாக இறங்கினார்கள். குணவதி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிடுங்க. இது நடக்காது."

தினகரின் அம்மாவுக்கு முகம் சிவந்தது. "ஏன், மீன் ஏதாவது மாத்திச் சொல்லிடுச்சா?"

"மீன் சரியாத்தாங்க சொல்லிச்சு. நான்தான் தப்பாக் கேட்டேன்."

அடுத்து நடந்த கூச்சலை எழுதினால் தாள் பத்தாது. தட்டோடு வந்தவர்கள் தட்டோடு போனார்கள். கன்னியப்பன் மட்டும் சாப்பாட்டுப் பந்தியை எப்போது போடுவார்கள் என்று கடைசி வரை காத்திருந்தார், அவருக்குப் போட்டார்கள். தேன்மொழி போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். தாய் பின்னாலேயே ஓடினாள்.

"புருஷோத்தமனுக்கா? நான் பேசட்டுமா? அந்த மீன் கறுத்ததை நான் விளக்கமா..."

"மீன் பேச்சே வேணாம்மா. எனக்கு என்ன தெரியணுமோ அதை நானே அவர்கிட்ட கேட்டுக்கறேன். அவரும் என்னைக் கேக்கட்டும்."

மத்தியான வெயிலில் குணவதி பின் தெருவுக்கு நடந்தாள். கோமளா மாவு மில்லில் இருந்து வந்து தூக்குவாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். குணவதி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். கறுப்பு என்றால் என்ன, தான் என்ன சொன்னோம், எல்லாம்.

கோமளா முந்தானையால் கையில் ஒட்டிய மாவைத் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள்.

"அவருக்கு வைகாசியில கல்யாணம் ஆயிடுச்சுக்கா. அதுக்கு முன்னாடி தெனமும் போன் பண்ணுவார். 'நான் அப்படி இன்னா தப்பு பண்ணேன், சொல்லு'ன்னு கேப்பார். நான் எடுத்துக் கேட்டுட்டு வச்சிடுவேன். நேரா ஒரு மனுஷன் வாய் விட்டுக் கேக்கறான், நான் மீனைத்தானே நம்பினேன்? உன்னை மட்டும் இன்னா சொல்றது?"

திட்டியிருந்தால் தேவலை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். குணவதி தெரு நெடுக அழுதுகொண்டே வந்தாள், யார் பார்த்தால் என்ன என்று.

வீட்டில் ஏகாம்பரம் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜமுக்காளத்துக்காக நகர்த்திய தொட்டிகளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் வந்து அவருடைய கை வளர்த்த மீன்களின் முன்னால் நின்றாள். மீன்கள் கறுத்தன. அவள் கண்கள் மூலைகளைத் தேடின. ஒரு மீனும் மூலையில் இல்லை. இருந்தாலும் ஒரு பயம். இத்தனை பேருக்குத் தப்பாகப் படித்தவள் தனக்கு மட்டும் சரியாகப் படிப்பாள் என்று என்ன நிச்சயம்?

"ஏங்க."

"ம்."

"இதுங்க என்னைப் பாத்து இப்படி நிக்குதே... அது..."

ஏகாம்பரம் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"மீனைக் கேக்காத குணா. என்னைக் கேளு."

"சரி, உங்களையே கேக்கறேன். சொல்லுங்க."

கேட்டுவிட்டாள். ஏகாம்பரம் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒரு சொல் கிளம்பி, தொண்டை வரை வந்து, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. நெற்றியில் வேர்த்தது. அவள் வேண்டுமென்றே உதவி செய்யாமல் காத்திருந்தாள். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

வார்த்தை வரவில்லை. ஆனால் கழுத்திலிருந்து மெதுவாக ஏறி, கன்னம், காது மடல், வழுக்கை வரைக்கும் அந்த மனுஷன் கூச்சத்தில் கறுத்துப்போனார். பேச்சு வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறவர் இந்தத் தடவை ஓடவில்லை. ஓரடி எடுத்து அவளுக்குக் கிட்டே வந்தார், வந்து அப்படியே நின்றார்.

குணவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, போய் அவர் தோளோடு ஒட்டிக்கொண்டாள்.